புகைக் காம்பராவில் தொங்கிய சிவப்புக் கிட்டார்

அன்று பிள்ளைக் காம்பராவில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான். என் மனைவி பரமேஸ். அவளுடைய தம்பி செல்வம். கீழே சிங்களக் கிராமத்திலிருந்து வரும் எங்கள் இசைக் குழுவின் பேஸ் கிட்டார்காரன் நிமல். பிள்ளைக் காம்பராவின் சாவியை இடுப்பில் முடிந்திருக்கும் ஆயா கண்ணம்மா. அவ்வளவுதான்.

இப்படிப் பெயர் பெயராகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிற்காலத்தில் அன்று நடந்ததைத் தாங்களும் கண்ணால் கண்டதாகச் சொன்னவர்களை எல்லாம் கூட்டிப் பார்த்தால், அந்த அறைக்குள் நிற்கவே இடம் இருந்திருக்காது.

தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் அறை அது. ஞாயிற்றுக்கிழமைகளில் காலியாக இருக்கும். எங்கள் டிவிஷனில் கரண்ட் இருந்த கட்டடங்களில் எங்களை உள்ளே விட்டது அது ஒன்றுதான். கூரைக் கம்பியிலிருந்து தொங்கும் சேலைத் தொட்டில்களைக் கண்ணம்மா ஆயா மேலே சுருட்டி முடிந்து வைத்திருப்பார். அறை முழுக்கப் பால்மாவும் தேங்காயெண்ணெயும் கலந்த ஒரு வாசம். இன்றைக்கும் அந்த வாசம் வந்தால் என் இடது கை விரல்கள் தாமாக மடங்குகின்றன.

பாயில் இரண்டு எலக்ட்ரிக் கிட்டார்கள் படுத்திருந்தன. ஒன்று சிவப்பு. ஒன்று கறுப்பு. இரண்டும் எங்களுடையவை அல்ல. மறுநாள் ஒன்றைக் கேகாலைக்குத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மற்றதை நான் வைத்துக்கொள்ளலாம். எதை என்பதுதான் கேள்வி.

"சும்மா பார்த்துக்கிட்டே இருந்தா அது பேசிருமா? வாசிங்க" என்றாள் பரமேஸ்.

"நீ அந்தப் பக்கம் திரும்பி உக்காரு. எது சிவப்பு, எது கறுப்புன்னு தெரியக் கூடாது. சத்தத்த மட்டும் கேட்டுச் சொல்லு."

"கல்யாணத்துக்கு மாப்பிள்ள பாக்கும்போது கூட என்னைய இப்படி யாரும் திருப்பி உக்கார வைக்கல" என்று சொல்லிக்கொண்டே சுவரைப் பார்த்துச் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள்.

இந்த ஒரு தடவைக்கு

அடுத்து வரும் வெள்ளிக்கிழமை மேல் டிவிஷன் மாரியம்மன் கோயில் திருவிழா. எங்கள் குழுவுக்கு முதல் முறையாக மேடை கிடைத்திருந்தது. போன வாரம் எழுதினேனே, கரண்ட் இல்லாமல் வாசிக்கும் என் பெட்டிக் கிட்டார், அது உங்களுக்கு நினைவிருக்கும். ட்ரம்ஸ் அடிக்கத் தொடங்கியதும் அது வாயைத் திறந்து மூடும் மீனைப் போல ஆகிவிடும். சத்தமே வெளியில் வராது.

நிமல் நல்லவன். ஆனால் நல்லவர்கள் சொல்வதுதான் மனதைக் குடையும். "மச்சங், எலக்ட்ரிக் ஒண்ணு கெடைக்கலன்னா என்ட மாமாட மகன் சுனிலக் கூப்பிடுவோம். அவன்கிட்ட சொந்தக் கிட்டார் இருக்கு. இந்த ஒரு தடவைக்கு மட்டும்" என்றான்.

இந்த ஒரு தடவைக்கு. அந்த வார்த்தையோடு நான் ஒரு வாரம் சரியாகத் தூங்கவில்லை. ஒரு தடவை வந்தவன் அடுத்த தடவையும் வருவான். அதற்கடுத்த தடவை நான் பின்னால் நின்று தாளம் தட்டுவேன். பிறகு ஸ்பீக்கர் தூக்குவேன். பிறகு பார்வையாளர் வரிசையில் பரமேஸோடு உட்கார்ந்து கச்சான் கொறிப்பேன். இதெல்லாம் நானாக நினைத்துக்கொண்டது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே அப்படி. மழை இருட்டினால் மண் சரிவு வரை யோசித்துவிடுவேன்.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டதற்கும் இந்தக் குணம்தான் காரணம். பரீட்சையில் தோற்றுவிடுவேனோ என்று பயந்து பரீட்சைக்கே போகவில்லை. அடுத்த மாதம் பால் வெட்டும் கத்தியோடு ரப்பர் மரத்தின் முன்னால் நின்றேன். கத்தி பயப்பட விடாது. அதிகம் அழுத்தினால் மரம் காயப்படும், அழுத்தாவிட்டால் பால் வராது. நடுவில் ஓர் அளவு இருக்கிறது. கிட்டாரிலும் அதே அளவுதான் என்பதை நான் தெரிந்துகொள்ளச் சில வருடங்கள் ஆயின.

ஹனீபா நானாவின் கடை

கேகாலை பஸ் நிலையத்துக்குப் பின்புறம் ஹனீபா நானாவின் கடை. ஜப்பானிலிருந்து வரும் பழைய சாமான்கள்: மின்விசிறி, தையல் மெஷின், கெசட் செட், குழந்தை சைக்கிள். சுவரில் ஆணியடித்து அந்த இரண்டு கிட்டார்களும் தொங்கின. இரண்டின் தலையிலும் கம்பெனிப் பெயர் இருந்த இடத்தை யாரோ சுரண்டியிருந்தார்கள்.

"எடுத்துப் பாருங்க தம்பி. பார்க்கக் காசு இல்ல" என்றார் நானா.

முதலில் சிவப்பு. தூக்கியதும் எனக்குப் பட்டது, அதன் எடை பாதி நிறைந்த பால் வாளியின் எடை. முதுகுப் பக்கம் பலகையைக் குடைந்திருந்ததால் விலா எலும்பில் வந்து அப்படியே ஒட்டிக்கொண்டது. கழுத்தின் இருபுறமும் மாட்டுக்கு இருப்பது போல இரண்டு கொம்பு. கழுத்துக் கட்டைக்குப் பளபளவென்று வார்னிஷ். அங்கேதான் எனக்குச் சிக்கல். பால் வெட்டுகிறவன் கை எத்தனை சோப்புப் போட்டாலும் முழுதாகச் சுத்தமாகாது. உள்ளங்கை வார்னிஷில் ஒட்டி ஒட்டி விடுபட்டது. மேலிருந்து கீழே கையை இழுத்தால் 'டிக், டிக்' என்று ஒரு சின்னச் சத்தம்.

பிறகு கறுப்பு. ஒற்றைக் கொம்பு, தடித்த உடம்பு. தோளில் மாட்டியதும் பட்டி சதையில் இறங்கியது. அரிசி மூட்டைதான். ஆனால் கழுத்து வெறும் மரம், வார்னிஷ் இல்லை. கை வழுக்கிக்கொண்டு போனது. கம்பிகளும் கொஞ்சம் தளர்வாக, அழுத்தினால் இணங்கின. சிவப்பின் கம்பியை வளைத்துச் சுரத்தை ஏற்ற நான் கெஞ்ச வேண்டியிருந்தது. கறுப்பிடம் சொன்னால் போதும்.

நானாவின் கடையில் ஒரு சின்ன ஆம்ப், கிட்டார்ச் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி, இருந்தது. மாட்டினோம். சிவப்பு வாசிக்காமல் இருக்கும்போதே தேனீக் கூடு போல இரைந்தது. கம்பியில் கை வைத்தால் அடங்கியது, எடுத்தால் மறுபடி இரைந்தது. சத்தம் மெல்லியது, கூர்மையானது. கறுப்பு ஊமை போல இருந்துவிட்டு, தொட்டதும் வயிற்றிலிருந்து பேசியது. விட்ட சுரம் நீண்ட நேரம் நின்றது.

"சிவப்பு ஆறாயிரத்து ஐந்நூறு. கறுப்பு ஒம்பதாயிரம்" என்றார் நானா.

எனக்குக் கறுப்புத்தான் வேண்டும். காசு சிவப்புக்கே போதாது. நான் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றதை நானா எவ்வளவு நேரம் பொறுத்தாரோ தெரியாது.

"தம்பி, கடைல வச்சு ஒண்டும் வெளங்காது. ரெண்டையும் கொண்டு போங்க. ஒங்கட எடத்துல வச்சு வாசிச்சுப் பாருங்க. திங்கக்கெழமை ஒண்டத் திருப்பிக் கொண்டு வாங்க. மத்ததுக்குக் கொஞ்சம் கொஞ்சமாத் தந்தாச் சரி."

"பணம் ஒண்ணும் வைக்காமலா நானா?"

"ஒங்களத் தெரியும்தானே."

அவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்தேன். நல்ல மனிதர்தான். அதில் இப்போதும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

பொலிஸ்காரரின் வாக்கு

நானும் கூட வந்திருந்த நிமலும் ஆளுக்கொன்றாக உர மூட்டைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு வந்தோம். சண்டை நடந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில் தமிழ்ப் பையன் ஒருவன் நீளமான சாக்கு மூட்டையோடு பஸ் ஏறினால் என்ன நடக்கும் என்று தனியாக எழுத வேண்டியதில்லை. என் அடையாள அட்டை சட்டைப் பையில் இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்ததிலேயே அது கசங்கிப்போயிருந்தது.

"மொகத மே?" இது என்ன என்றார் பஸ் நிலையத்தில் நின்ற பொலிஸ்காரர்.

சாக்கைப் பிரித்தோம். கிட்டார் என்று தெரிந்ததும் முகம் தளர்ந்தது. வாசித்துக் காட்டச் சொன்னார். கரண்ட் இல்லாத எலக்ட்ரிக் கிட்டார் எப்படி ஒலிக்கும் என்பது வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். கொசு பறக்கிற அளவுக்குத்தான்.

"சத்தயக் நேனே!" சத்தமே இல்லையே என்று சிரித்தார். பிறகு தானே வாங்கி இரண்டையும் ஒரு முறை சுரண்டிப் பார்த்தார். கறுப்பைத் தட்டி, "மேக்க ஹொந்தய்" என்றார். இதுதான் நல்லது.

"பாத்தியா, அரசாங்கமே சொல்லிருச்சு" என்றான் நிமல், பஸ்ஸில் ஏறியதும். நான் சிரிக்கவில்லை. புளத்கொகுபிட்டிய வரும் வரை அடையாள அட்டையிலிருந்து கையை எடுக்கவில்லை.

ஆனால் ஒன்று கவனித்தேன். ஆம்ப் இல்லாதபோது சிவப்புத்தான் சத்தம் கூட. கறுப்பு மரத்துக்குள்ளேயே பேசிக்கொண்டது. இது ஏன் என்று அன்று முழுக்க யோசித்தேன். பயத்தை மறக்க அது உதவியது.

செல்வத்தின் யோசனை

பஸ்ஸிலிருந்து இறங்கிய இடத்திலிருந்து தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு நல்ல ஏற்றம். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. நிமல் தன் ரெயின்கோட்டைக் கழற்றிக் கறுப்பைச் சுற்றினான். என் சாக்கில் ஓட்டை இருந்தது. லயத்துக்கு வந்து பிரித்தால், சிவப்பின் குழிகளில் எல்லாம் தண்ணீர் நின்றது.

துணியால் துடைத்தேன். வெயில் இல்லை. எங்கள் பக்கத்தில் மழைக் காலத்தில் துணியே மூன்று நாள் காயாது. காலையில் பார்த்தபோது கம்பிகளில் துரு. முகப்பில் பூட்டிய பிளாஸ்டிக் பிளேட்டுக்குக் கீழே இன்னும் ஈரம். யாருடையதோ பொருள்.

செல்வம் எங்கள் ரப்பர் ஸ்டோரில் புகைக் காம்பராவுக்கு விறகு போடுகிறவன். ரப்பர் பாலை அசிட் ஊற்றி உறைய வைத்து, மெஷினில் தட்டையாக்கி, அந்த ஷீட்டுகளைத் துணி காயப்போடுவது போலக் கம்புகளில் வரிசையாகத் தொங்கவிடுவார்கள். கீழே விறகு புகையும். வெள்ளை ஷீட் சில நாளில் தேன் நிறமாகிவிடும்.

"மச்சான், இதுக்குப் போய் ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்க? நூறு ஷீட்டு காயிற எடத்துல ஒரு கிட்டாரு காயாதா?"

"சூடு கூடிருச்சுன்னா?"

"அடுப்பா அது? நானே உள்ளாற போயிட்டு வாரேன். எனக்கு என்ன வெந்தா போச்சு?"

நிமலும் தலையாட்டினான். இதில் மோசம் என்னவென்றால், அது மூன்று பேருக்கும் புத்திசாலித்தனமாகத்தான் பட்டது. எங்கள் தோட்டத்தில் ஈரத்துக்கு மருந்து புகைதான். கருவாட்டையும் மிளகாயையும் காலுக்குப் போடும் ஈரச் சப்பாத்தையும் அங்கேதான் ரகசியமாகத் தொங்கவிடுவார்கள். கிட்டாரும் மரம்தானே என்று நினைத்தோம். பரமேஸிடம் சொல்லவில்லை. சொன்னால் "அடுத்தவங்க சாமானப் போய்..." என்று தொடங்குவாள். அவள் தம்பியின் வேலைக்கும் அது நல்லதல்ல.

சனிக்கிழமை காலையில் கடைசிக் கம்பில் கழுத்தைக் கட்டித் தொங்கவிட்டோம். சாப்பாட்டு நேரத்துக்கு எடுத்துவிடுவதாகப் பேச்சு. ஆனால் கணக்கப்பிள்ளை செல்வத்தை லொறியில் ஷீட் ஏற்ற அனுப்பிவிட்டார். போகும்போது அவன் நிறைய விறகு போட்டுவிட்டுப் போனான். கிட்டார் வெளியே வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

காய்ந்திருந்தது. நன்றாகவே காய்ந்திருந்தது. கழுத்தின் வார்னிஷ் தேன் நிறமாகியிருந்தது. கம்பிகளுக்குக் கீழே மூன்று பிக்அப் இருக்கும், கம்பியின் அதிர்வைப் பிடித்து ஆம்ப்புக்கு அனுப்பும் காந்தச் சுருள்கள். அவற்றின் ஓரத்திலிருந்து வெள்ளையாக ஏதோ வழிந்து உறைந்திருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். மெழுகு.

"கிட்டாருக்குள்ள மெழுகு இருக்குமாடா?"

"இருந்திருக்கு, இப்ப இல்ல" என்றான் செல்வம்.

சுவரைப் பார்த்து உட்கார்ந்தவள்

இப்போது மறுபடி அந்த ஞாயிற்றுக்கிழமை. பரமேஸ் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். நிமலின் ஆம்ப் உறுமிக்கொண்டிருக்கிறது. கண்ணம்மா ஆயா வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டு வேடிக்கை பார்க்கிறார்.

கறுப்பில் ஒரு பக்திப் பாட்டின் நாலு வரி வாசித்தேன்.

"நல்லா இருக்கு. நெறைஞ்சு இருக்கு. ஆனா யாரோ போர்வைய இழுத்து மூடிக்கிட்டுப் பேசுற மாதிரி இருக்கு" என்றாள் பரமேஸ்.

சிவப்பில் அதே நாலு வரி. வாசிக்கும்போதே எனக்குத் தெரிந்தது, இது கடையில் கேட்ட சிவப்பு அல்ல. என் நகம் பலகையில் பட்டால் அது கேட்டது. சட்டைப் பொத்தான் உரசினால் கேட்டது. உள்ளங்கையும் இப்போது ஒட்டவில்லை, புகை ஏறிய வார்னிஷில் வழுக்கியது. சுரத்தோடு கூடவே மரத்தின் மூச்சும் வருவது போல இருந்தது.

பரமேஸ் சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"இது வெளிய நிக்குது. பக்கத்துல நின்னு கேக்குறாப்ல. ஆனா இது என்னமோ சரியில்லாத புள்ளைங்க. எந்நேரமும் கத்தப்போற மாதிரியே இருக்கு."

ஆம்ப்பை அணைக்காமல் சிவப்பைப் பாயில் மல்லாக்க வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். செல்வம் அதன் பக்கத்தில் குந்தினான். புகை வாசம் இன்னும் அடிக்கிறதா என்று பார்க்க மூக்கைக் கம்பிகளுக்கு அருகில் கொண்டுபோய், நிமலைப் பார்த்து மெதுவாகச் சொன்னான்.

அவன் சொன்னது ஆம்ப்பிலிருந்து வந்தது. தொண்டை கட்டியவன் குழாய்க்குள் பேசுவது போல, ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக:

"பொகக் காம்பராவுல வச்சது அக்காவுக்குத் தெரிஞ்சா கொன்னுரும்."

கண்ணம்மா ஆயாவின் வெற்றிலை வாயிலிருந்து நழுவியது. நிமல் "அப்பே!" என்று எழுந்துவிட்டான். பரமேஸ் சுவரை விட்டு மெதுவாகத் திரும்பினாள்.

"எத எங்க வச்சீங்க?"

பேசினால் அதுவும் ஆம்ப்பில் வந்துவிடுமோ என்ற பயம். செல்வம் முழங்காலிலேயே பின்னால் நகர்ந்தான்.

"அந்தப் பொட்டிக்கு இருக்குற நேர்ம கூட உங்களுக்கு இல்ல" என்றாள் பரமேஸ் என்னைப் பார்த்து. பிறகு எழுந்து வந்து, குனிந்து, சிவப்புக் கிட்டாரின் கம்பிகளுக்கு நேராக வாயை வைத்து, "ஹலோ" என்றாள். அறை முழுக்க அவள் குரல். "அட" என்றாள். அதுவும் வந்தது. அதற்கு மேல் கோபத்தை அவளால் பிடித்து வைக்க முடியவில்லை. ஆயாவும் வந்து ஒரு தாலாட்டு வரியைப் பாடிப் பார்த்தார்.

பல வருடம் கழித்து இரத்தினபுரியில் ரேடியோ திருத்தும் ஒருவர் எனக்கு விளக்கினார். பிக்அப்பில் சுற்றியிருக்கும் மெல்லிய கம்பி ஆடாமல் இருக்கத்தான் மெழுகு. மெழுகு போய்விட்டால் அந்தக் கம்பி எல்லாச் சத்தத்துக்கும் ஆடும், மைக் போல எல்லாவற்றையும் பிடிக்கும். அன்று எங்களுக்கு இதெல்லாம் தெரியாது. கெடுத்துவிட்டோம் என்பது மட்டும் தெரிந்தது.

"கெடுத்ததத் திருப்பிக் குடுக்க முடியாது" என்றாள் பரமேஸ். "கறுப்பக் கொண்டு போய்க் குடுத்துட்டு, நடந்தத ஒண்ணு விடாமச் சொல்லிட்டு வாங்க."

கறுப்பைச் சாக்கில் சுற்றும்போது கடைசியாக ஒரு முறை அதன் கழுத்தில் கையை ஓட்டினேன். அது வழுக்கிக்கொண்டு போனது.

திங்கட்கிழமை

நானாவின் கடைக்குள் உட்காரும் முன்பே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மழை, சாக்கின் ஓட்டை, புகை, மெழுகு. அவர் கத்துவார், பொலிஸுக்குப் போவார், செல்வத்தின் வேலை போகும் என்று பஸ்ஸிலேயே முழுக் கதையும் முடித்து வைத்திருந்தேன்.

மெழுகு என்றதும் நானா தரையைப் பார்த்தார். தாடியைத் தடவினார்.

"சரி தம்பி. அத நீங்களே வச்சிக்கோங்க. அண்டைக்கு நான் செல்லின வெலதான். ஆறுதலா, கொஞ்சம் கொஞ்சமாத் தாங்க."

"கோவம் இல்லியா நானா?"

"கோவம் எதுக்கு? டீ குடிச்சிட்டுப் போங்க."

நான் இறங்கி வரும்போது அவர் என்னைப் பார்க்காமல் மின்விசிறி ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சுண்ணாம்புப் புள்ளி

கிட்டார் கைக்கு வந்துவிட்டது. ஆனால் அதை மேடையில் வாசிக்க முடியுமா? சத்தத்தைக் கூட்டினால் சிவப்பு விசிலடித்தது. அறுக்கும்போது பன்றி போடும் சத்தம். மூன்று மாலை பிள்ளைக் காம்பராவில் அதோடு மல்லுக்கட்டினேன். நிமல் கைக் கடிகாரத்தைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தான். சுனிலுக்குச் செய்தி அனுப்பிவிட்டதாகப் புதன்கிழமை சொன்னான். "வந்து பாக்க மட்டும்" என்றான்.

அன்றுதான் தற்செயலாக ஒன்று பிடிபட்டது. ஆம்ப்புக்கு நேராக நின்றால் விசில். முதுகைக் காட்டினால் ஒன்றுமில்லை. பக்கவாட்டில், ஓர் இடத்தில் மட்டும், அடித்த சுரம் விழாமல் அப்படியே நின்றது. விசிலும் இல்லை. கையை எடுத்த பிறகும் கம்பி தானாக அதிர்ந்துகொண்டிருந்தது. ஒரு முழம் இந்தப் பக்கம் நகர்ந்தால் போய்விட்டது. திரும்பி வந்தால் மறுபடி வந்தது. நான் முன்னும் பின்னும் நடந்து நடந்து பார்த்தேன். பயப்பட மறந்துபோனேன் என்று பிறகுதான் உணர்ந்தேன்.

செல்வம் ஆயாவின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பு எடுத்து அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்தான். திருவிழா மேடையிலும், ஆம்ப்பை வைத்த பிறகு, தேடித் தேடி அதே மாதிரி ஒரு புள்ளி வைத்தோம்.

திருவிழா அன்று சுனில் வந்திருந்தான், கிட்டார் பையோடு. மேடைக்குக் கீழே முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான். என் பார்வை முழுக்க அந்தப் பையின் ஜிப்பில்தான்.

மூன்றாவது பாட்டுக்கு நடுவில் கரகம் மேடைப் பக்கமாக வந்தது. கூடவே தப்பு மேளம். அடி நெருங்க நெருங்க என் கிட்டார் அதைக் கேட்கத் தொடங்கியது. நான் கம்பியைத் தொடவில்லை. தப்பின் ஒவ்வொரு அடியும் சிவப்புக்குள் புகுந்து, ஸ்பீக்கரில் உலோகம் பூசிக்கொண்டு வெளியே வந்தது. தப்படிக்கிறவர்கள் முதலில் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு வேண்டுமென்றே மேடைக்கு ஒட்டி வந்து அடித்தார்கள். நான் புள்ளியில் நின்று ஒரே ஒரு சுரத்தை விட்டேன். அது விழவில்லை. அடியின் மேல் ஏறி நின்றது. நிமல் பேஸை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான், பிறகு சிரித்துக்கொண்டே சேர்ந்துகொண்டான்.

முடிந்ததும் சுனில் மேடைக்கு வந்தான். பை திறக்கப்படவே இல்லை. "அண்ணே, அந்தச் சத்தம் எந்தப் பெடல்?" என்றான் தமிழில். காலால் மிதித்துச் சத்தத்தை மாற்றும் பெட்டியைத்தான் கேட்டான்.

"பொக" என்றான் செல்வம்.

சுனில் அது ஏதோ ஜப்பான் கம்பெனி என்று நினைத்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த நானா

அந்தக் கிட்டாரோடு கொடகவெல வரை திருமணங்களுக்குப் போனோம். பிறகு நல்ல கிட்டார்களும் கைக்கு வந்தன. கறுப்பு மாதிரியே ஒன்றும் வாங்கி வாசித்தேன். ஆனால் சிவப்பு மாதிரி என்னைக் கவனித்துக் கேட்ட கிட்டார் வேறில்லை.

நானாவுக்குப் பணம் கொடுத்து வந்தேன். சில மாதம் ஐந்நூறு, சில மாதம் இருநூற்று ஐம்பது. பிறகு குழந்தை, மழை, வேலை நிறுத்தம் என்று இழுபட்டு ஓரிடத்தில் நின்றுபோனது. அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. அவர் கேட்காதது எனக்கு மேலும் கவலை. கேகாலைக்குப் போனால் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போவேன்.

சண்டை நின்று பாதைகள் திறந்திருந்த அந்தச் சில வருடங்களில் ஒரு நாள், எங்கள் லயத்து வாசலில் ஒரு த்ரீவீலர் வந்து நின்றது. உள்ளே இருந்து ஹனீபா நானா இறங்கினார். தாடி முழுக்க வெள்ளை. பாக்கிக்குத்தான் வந்துவிட்டார் என்று நினைத்தேன்.

"தம்பி, நான் ஹஜ்ஜுக்குப் போறேன். போக முந்திக் கொடுக்கல் வாங்கல் எல்லாம் தீத்துட்டுத்தான் போகணும். ஒங்கள்ட ஒண்டு செல்லணும்."

பரமேஸ் போட்டுக் கொடுத்த பிளேன்டீயைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். அந்தச் சிவப்புக் கிட்டார் எனக்கு முன்பே ஒருவருக்கு விற்கப்பட்டதாம். விசிலடிக்கிறது என்று அவர் திருப்பிக் கொண்டுவந்து போட்டிருக்கிறார். நானா கடையில் இருந்த மெழுகுவர்த்தியை உருக்கி, பிக்அப்பைக் கழற்றி ஊற்றி, மறுபடி மாட்டி, சுவரில் தொங்கவிட்டிருக்கிறார்.

"நீங்க பொகையில வச்சது என்ட மெழுகுவர்த்தியத்தான் தம்பி உருக்கிருக்கு. அண்டைக்கே செல்லி ஈக்கணும். வாய் வரல்ல."

நான் பரமேஸைப் பார்த்தேன். அவள் வாசற்படியில் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பில் குலுங்கிக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் கெடுக்கலியா நானா?"

"கெட்டதத்தான் கெடுத்தீங்க."

இத்தனை வருடம் நான் பட்ட பயம் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. அதைவிட இன்னொரு கேள்வி குடைந்தது, இன்றும் குடைகிறது. அந்தக் கிட்டார் முதலிலிருந்தே எல்லாவற்றையும் கேட்கிற கிட்டார் என்றால், புகை அதற்குச் செய்தது என்ன? மெழுகை எடுத்தது மட்டும்தானா? அப்படியென்றால் அதன் மெல்லிய குரலுக்குள் இருக்கும் அந்தக் கரகரப்பு எங்கிருந்து வந்தது? முகர்ந்து பார்த்தால் இன்றும் ரப்பர் ஸ்டோர் வாசம் அடிக்கிறது.

"மன்னிச்சிட்டேன்னு வாயால செல்லுங்க தம்பி."

"மன்னிக்கிறதுக்கு என்ன நானா இருக்கு? மன்னிச்சிட்டேன்."

அவர் முகம் தெளிந்தது. ஆனால் அடுத்துச் சட்டைப் பையில் கை விட்டார். அந்த நிலையில் அந்தக் கிட்டாரின் சரியான விலை நாலாயிரம்தான், நான் கொடுத்திருப்பது ஐயாயிரத்து இருநூற்று ஐம்பது, கூடுதலை வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். நான் பதறிவிட்டேன். பேசிய விலை ஆறாயிரத்து ஐந்நூறு, அந்தக் கிட்டார் எனக்கு மேடையைக் கொடுத்தது, மிச்சம் நான்தான் தர வேண்டும் என்றேன். அவர் நோட்டுகளைப் பாயில் வைத்தார். நான் த்ரீவீலர் வரை ஓடி அவர் மடியில் போட்டேன்.

"நல்ல கூத்து. ரெண்டு பேரும் ஒரே காசத்தான் தூக்கிக்கிட்டு ஓடுறீங்க" என்றாள் பரமேஸ்.

நானா ஹஜ்ஜுக்குப் போய்விட்டு வந்து ஒரு பை பேரீச்சம்பழம் அனுப்பினார். இப்போதெல்லாம் நான் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போவதில்லை. நேராகக் கடைக்குப் போகிறேன், டீ குடிக்கிறேன். என் சட்டைப் பையில் மடித்த நோட்டுகள். அவர் மேசை லாச்சியில் மடித்த நோட்டுகள். யார் யாருக்குத் தர வேண்டும் என்பது மட்டும் முடிவாகவில்லை. தொகையில் இருவருக்கும் சண்டையில்லை: பாக்கி, ஆயிரத்து இருநூற்று ஐம்பது ரூபாய்.